சாரல் காலத்தில் வான்கோழிக் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்துபோவது ஏன்?

கேள்வி (புளியரையிலிருந்து)

வணக்கம். செங்கோட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. நாட்டுக்கோழி முட்டைகளை இரண்டு ஆண்டுகளாக வீட்டு இன்குபேட்டரில் வைத்துப் பொரித்து வருகிறேன். பத்துக்கு எட்டு குஞ்சாவது தப்பாமல் கிடைத்துவிடும். அந்தத் துணிவில் ஆனி மாதத் தொடக்கத்தில் புனலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் 24 வான்கோழி முட்டைகளை வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்கி வந்து, அன்று மாலையே இயந்திரத்தில் அடுக்கினேன்.

28, 29ஆம் நாள்களில் நான்கு குஞ்சுகள் மட்டுமே வெளிவந்தன. மீதியை உடைத்துப் பார்த்தபோது ஐந்து முட்டைகளில் கருவே கூடியிருக்கவில்லை. மூன்றில் இரத்த வளையத்தோடு வளர்ச்சி நின்றிருந்தது. எஞ்சிய பன்னிரண்டிலும் இறகு முளைத்து முழு உருவம் பெற்ற குஞ்சுகள் இறந்து கிடந்தன. அவை உப்பிப் பெருத்து, ஓடு முழுவதையும் அடைத்துக்கொண்டு, பிசுபிசுவென்று ஈரமாக இருந்தன. இரண்டு மூன்றின் அலகோரத்தில் நீர் தேங்கியிருந்தது. இருபத்தைந்து நாள் கண்ணைப்போலக் காத்த உயிர்கள் இப்படிக் கிடப்பதைப் பார்க்க வீட்டில் ஒருவருக்கும் மனம் பொறுக்கவில்லை.

என்னுடையது விசிறி உள்ள இயந்திரம். வெப்பம் 37.5 பாகை செல்சியஸ். வான்கோழிக்கு ஈரம் கூடுதலாக வேண்டும் என்று படித்திருந்ததால் இரண்டு தண்ணீர்த் தடங்களையும் முதல் நாளிலிருந்தே நிரப்பி வைத்திருந்தேன். மானி 60 சதவீதம் காட்டியது. சாரல் காற்றின் குளிர் உள்ளே போகக் கூடாது என்று காற்றுத் துளையைப் பாதி அடைத்திருந்தேன். தானாகப் புரட்டும் அமைப்பை, கோழிக்கு வைத்திருந்தபடியே 18ஆம் நாளில் நிற்கும்படி விட்டுவிட்டேன். தவறு எங்கே நேர்ந்தது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி (ஆரியங்காவிலிருந்து)

நண்பருக்கு, நீங்கள் உடைத்துப் பார்த்ததை மறைக்காமல் விவரமாக எழுதியிருப்பதால் காரணத்தை ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது. உலர்ந்து போன முட்டையில் குஞ்சு சிறுத்து, உள்தோல் காய்ந்து அதன் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் குஞ்சுகள் உப்பியும் ஈரமாகவும் இருந்தன என்றால், முட்டையிலிருந்து வெளியேற வேண்டிய நீர் வெளியேறவே இல்லை. நீர் ஆவியாகக் குறையக் குறையத்தான் அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகும். ஓட்டைக் கொத்துவதற்கு முன்பு குஞ்சு தன் அலகை அந்தக் காற்றறைக்குள் நுழைத்துத்தான் முதல் மூச்சை இழுக்கிறது. அறை சிறியதாகவே நின்றுவிட்டால் அதற்கு மூச்சுக்கும் இடமில்லை, திரும்பிக் கொத்துவதற்கும் இடமில்லை.

இதில் நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் சாரல் காற்று ஏறத்தாழ 26 பாகையில் 85 சதவீத ஈரப்பதத்தோடு வருகிறது என்று கொள்ளுங்கள். அதே காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமலேயே இயந்திரத்துக்குள் 44 சதவீதத்தை ஒட்டி ஈரப்பதம் நிற்கும். மாறாக, தை மாதத்தில் 20 பாகையில் 50 சதவீத ஈரத்தோடு வரும் காற்று உள்ளே போனால் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே தைக்குப் பொருந்தும் தண்ணீர் அளவை ஆனியில் வைத்தால் முட்டை நீரில் மூழ்கியதற்குச் சமமாகும். வான்கோழிக்கு முதல் 25 நாள்களுக்கு 50 முதல் 55 சதவீதம் போதும். அதற்குப் பிறகுதான் 65-க்கு மேல் ஏற்ற வேண்டும்.

நீங்கள் பார்த்த 60 உண்மையிலேயே 60-தானா என்பதையும் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத உறைக்குள் ஓர் இரவு முழுக்க வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவும் மானியின் பிழை.

காற்றுத் துளையை அடைத்ததும் கெடுதலே. கடைசி வாரத்தில் கரு இழுக்கும் உயிர்வளி மிகுதி. குளிரைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும்.

மறுமொழி (தென்காசியிலிருந்து)

மேலே சொல்லப்பட்டதோடு முழுமையாக உடன்படுகிறேன். எனக்குப் படும் சிலவற்றையும் சேர்க்கிறேன். கோழிக்கு 21 நாள், வான்கோழிக்கு 28 நாள் என்பதால் புரட்டுவதை நிறுத்தும் நாளும் 18 அல்ல, 25. ஒரு வாரம் முன்னதாகவே நிறுத்தியது உங்கள் குஞ்சுகளில் சிலவற்றைத் தவறான கிடப்பில் நிறுத்தியிருக்கலாம். அகன்ற முனையில் இல்லாமல் கூர்முனைப் பக்கம் தலையை வைத்திருந்த குஞ்சு ஏதேனும் கண்ணில் பட்டதா?

மலைப்பாதையில் குலுங்கி வந்த முட்டைகளை அன்றே அடுக்கியதும் அவசரமே. அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்திருந்தால் காற்றறை நிலைபெறும். விற்றவர் முட்டைகளை எத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தார் என்பதையும் கேளுங்கள். ஏழு நாளுக்கு மேற்பட்டவை வேண்டாம். நம் வீடுகளின் வெப்பத்தில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துபோகும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரும் ஆகாது.

கரு கூடாத ஐந்துக்குக் காரணம் தாய்க்கூட்டத்தில் இருக்கும். ஐந்து பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற கணக்கு அங்கே இருந்ததா என்று விசாரியுங்கள். வான்கோழியில் ஒரு வியப்பும் உண்டு: சேவல் சேராத முட்டையிலும் கரு தானாக வளரத் தொடங்குவதை 1950களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் கண்டறிந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே நின்றுவிடும் என்பதால், முதல் வாரத்தில் நின்ற மூன்றுக்கும் இயந்திரத்தையே குறை சொல்ல வேண்டியதில்லை.

பிழைத்த நான்கையும் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள். வான்கோழிக் குஞ்சு தீனியை அடையாளம் காணத் தாமதிக்கும். தட்டு நிறையத் தீனி இருந்தும் பட்டினியில் சாகும். லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து கொடுத்து, அவித்த முட்டையைப் பொடித்துப் பதினைந்து நாள் ஊட்டுவது வழக்கம். பத்துக் குஞ்சுக்கு ஒரு முட்டை போதும். பச்சை நிறம் அவற்றை ஈர்க்கும் என்பதால் கீரையைப் பொடியாக நறுக்கித் தீனியின்மேல் தூவுங்கள்.

கேட்டவர் மீண்டும்

இருவருக்கும் மிக்க நன்றி. உப்புச் சோதனையில் மானி 75 காட்ட வேண்டிய இடத்தில் 62 காட்டியது. அப்படியானால் நான் 60 என்று நம்பிய நாள்களில் உள்ளே 73 இருந்திருக்கிறது. கூர்முனைப் பக்கம் தலை வைத்த குஞ்சுகள் இரண்டு இருந்தன. மற்றவை நேராகவே இருந்தன. நான்கு குஞ்சுகளும் நலமாகத் தின்கின்றன.

அதே வீட்டில் மூன்று நாளுக்குள் இட்டவை என்று கேட்டு 20 முட்டைகளை வாங்கி, ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகு அடுக்கியிருக்கிறேன். காற்றுத் துளை முழுவதும் திறந்திருக்கிறது; ஒரு தடத்தில் மட்டும் பாதித் தண்ணீர் இருக்கிறது. நகை எடைத் தராசில் நிறுத்தபோது சராசரி 78 கிராம். இன்று ஏழாம் நாள், 75.8 கிராம். இது சரியா?

மறுமொழி (ஆரியங்காவிலிருந்து)

எடை போட்டது மிக நல்ல காரியம். மானி பொய் சொன்னாலும் தராசு சொல்லாது. 25ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். அந்தக் கணக்கில் இன்று 3.4 சதவீதம் போயிருக்க வேண்டும், உங்களுக்கு 2.8 சதவீதம்தான் போயிருக்கிறது. அந்தப் பாதித் தண்ணீரையும் துடைத்தெடுத்துவிடுங்கள். 14ஆம் நாளில் 73 கிராமை ஒட்டியும், 25ஆம் நாளில் 68.5 கிராமை ஒட்டியும் வந்தால் போதுமானது. இடையில் எடை மிக வேகமாகக் குறைந்தால் மறுபடி சிறிது தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

25ஆம் நாள் புரட்டுவதை நிறுத்தி, இரண்டு தடங்களையும் வெந்நீரால் நிரப்புங்கள். உங்கள் மானி 55 காட்டினால் உண்மையில் 68 இருக்கும். அந்த அளவு சரியானது. அதன் பிறகு மூடியைத் திறக்கக் கூடாது, ஒரு குஞ்சு வெளியே வந்து கத்தினாலும்கூட. திறந்த நொடியில் ஈரம் வெளியேறி, ஓட்டைக் கொத்திக்கொண்டிருக்கும் மற்றக் குஞ்சுகளின் உள்தோல் இறுகிவிடும். முதல் துளை விழுந்தபின் ஒரு நாள் முழுவதும் அசைவில்லாமல் இருப்பது இயல்பு. அந்த நேரத்தில்தான் எஞ்சிய இரத்தமும் மஞ்சள் கருவும் உடம்புக்குள் இழுக்கப்படுகின்றன. இரக்கப்பட்டு ஓட்டைப் பிய்த்துவிடாதீர்கள். 14ஆம் நாள் எடையை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.