பனியாற்றின் மேல் ட்ரோன்: டெல்லியிலிருந்து கிளம்பும் முன்
(பேசுபவர்களுக்கு அவரவர் டெல்லிப் பகுதியின் பெயர்)

முனிர்கா:
செப்டம்பர் கடைசியில் இமாச்சலில் லாஹௌல் பக்கம் ஒரு பனியாற்றின் கீழ்முனையை ட்ரோனில் படமெடுக்க வேண்டும். உயரம் 4,000 மீட்டருக்கு மேல். அடுத்த ஆண்டும் அதே வாரம் எடுத்து, இரண்டிலும் கிடைக்கும் பரப்பின் உயரங்களைக் கழித்து எவ்வளவு உருகியது என்று சொல்ல வேண்டும். எங்கெல்லாம் சறுக்கும்?

மயூர் விஹார்:
பறப்பது இதில் சின்ன வேலை, தம்பி. நகராத தரை கிடைப்பதுதான் பெரிய வேலை. படத்தை நிலத்தோடு பொருத்தத் தரையில் குறிகள் வைக்க வேண்டும். பனிக்கட்டி மேல் வைத்த குறி அன்றைய பறப்புக்கு மட்டுமே. அதையும் அன்றே ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இடம் அளக்கும் கருவி) வைத்து அளந்துவிட வேண்டும், அடுத்த ஆண்டு அது கீழே போயிருக்கும். ஓரத்து மொரைன் மேட்டையும் (பனியாறு குவித்த கல்மண் மேடு) நம்பாதீர்கள். உள்ளே பனிக்கட்டி புதைந்திருந்தால், அது உருக உருக மேடே இறங்கும். அடிப்பாறை தெரிகிற இடம் தேடுங்கள். இல்லையென்றால் புல் பிடித்த பழைய சரிவு.

10 முதல் 15 குறிகள். அதில் 4 குறிகளைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வையுங்கள், சரிபார்க்க அவைதான் உதவும். 100 மீட்டர் உயரத்தில், 1 அங்குல சென்சாரும் 20 மெகாபிக்சலும் உள்ள கேமராவுக்கு ஒரு பிக்சல் சுமார் 2.7 செ.மீ. ஆகவே குறி 60 செ.மீ. சதுரத்துக்குக் குறையக் கூடாது. ஃப்ளெக்ஸ் வேண்டாம், வெயிலில் பளபளத்து நடுப்புள்ளி தெரியாமல் போகும். ஆரஞ்சும் கறுப்புமாகத் தைத்த காடாத் துணி, நாலு மூலையிலும் கல்.

பேஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது ஒரே இடத்தில் நின்று ஒப்பிடத் தரவு தரும் ஜிஎன்எஸ்எஸ் கருவிக்கு, பாறையில் துளையிட்டு ஒரு போல்ட் அடித்துவிடுங்கள். இரண்டு ஆண்டும் அதே போல்ட். அங்கே செல்போன் சிக்னலை நம்ப முடியாது, இணையம் வழியாக இடத்தை உடனுக்குடன் திருத்தும் நெட்வொர்க் ஆர்டிகே பேச்சுக்கே இடமில்லை. குறைந்தது 4 மணி நேரம் மூலத் தரவைப் பதிவு செய்து, திரும்பி வந்து பிபிகே முறையில், அதாவது பறந்து முடிந்த பிறகு இடத்தைத் திருத்தி, கணக்கிடுங்கள். ஆன்டெனா உயரத்தை இரண்டு பேர் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். அதில் 20 செ.மீ. பிசகினால், பனியாறு முழுவதுமே 20 செ.மீ. இறங்கியதாகவோ ஏறியதாகவோ காட்டும்.

கரோல் பாக்:
5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். மோட்டார் கூடுதலாகச் சுழல வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறுவதால், 50 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜ் சட்டென்று விழும். இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்து, 20 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது மாட்டுங்கள். தரைக்கு மேலே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். 40 சதவீதத்தில் திரும்ப வேண்டும், அதில் பேரமே கிடையாது.

உயரக் கணக்கிலும் ஓர் ஆபத்து. தானாகத் திரும்பும் உயரத்தை ட்ரோன் தான் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடும். கீழிருந்து ஏற்றிவிட்டு 100 மீட்டர் என்று வைத்தால், மேலே சரிவு அதைவிட உயரமாக இருக்கும், நேரே போய் மோதும். பறக்கவேண்டிய பகுதியின் மேல்பக்கத்திலிருந்து கிளப்புங்கள். பறக்கும் கோடுகள் சரிவுக்குக் குறுக்காக ஓடட்டும். நிலமட்டத்தைத் தொடர்ந்து பறக்க 30 மீட்டர் கட்டங்களாலான கோபர்நிகஸ் டிஇஎம் (நில உயர மாதிரி), ஆஃப்லைன் வரைபடம், ஃபர்ம்வேர், லாகின் எல்லாம் டெல்லியிலேயே முடிய வேண்டும்.

பேட்டரி செக்-இன் பெட்டியில் போகாது, கைப்பையில்தான். 100 வாட்-மணிக்கு மேலானால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

துவாரகா:
பயிற்சிக்கு டெல்லிக்குள் இடம் தேடாதீர்கள், பெரும்பகுதி சிவப்பு மண்டலம், அரசு அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலம் பார்த்து வெளியே போங்கள். மலையில் மாவட்ட நிர்வாகம், வனத்துறை இரண்டிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நாளாகும், இப்போதே தொடங்குங்கள்.

படத்துக்கு: அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓவர்லேப் முன்பக்கம் 80, பக்கவாட்டில் 70 சதவீதம். நேர்கீழாக மட்டும் எடுத்தால் படங்களிலிருந்து உருவாகும் முப்பரிமாண மாதிரியின் நடுப்பகுதி வீங்கியோ குழிந்தோ வரும். கேமராவைச் சாய்த்து இன்னொரு சுற்று எடுங்கள். புதுப்பனி விழுந்தால் இரண்டு நாள் காத்திருங்கள். வெள்ளையில் மென்பொருளுக்குப் பிடிமானப் புள்ளி கிடைக்காது. பனியின் தடிமனும் சேர்ந்து, உருகியது குறைவாகத் தெரியும். எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், வெளுத்துப் போனதை மீட்க முடியாது. காலையில் காற்று அமைதி, ஆனால் நிழல் நீளம். நிழல் விலகியதும் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பது வசதி.

முனிர்கா:
கழித்து வந்த எண்ணை அப்படியே உருகல் என்று எழுதலாமா சார்?

ஆர்.கே.புரம்:
கூடாது. முதலில் உங்கள் படங்களிலிருந்து வந்த இரண்டு ஆண்டு டிஇஎம்-மும் ஒரே உயர அடிப்படையில் இருக்கின்றனவா பாருங்கள். ஜிஎன்எஸ்எஸ் தரும் எலிப்சாய்டு (பூமியின் கணித வடிவம்) உயரமும் கடல்மட்ட உயரமும் கலந்தால் பல பத்து மீட்டர் பிழை. பிறகு நகராத பாறையில் கழியுங்கள், பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அங்கே 15 செ.மீ. சிதறல் இருந்தால், பனியில் ஓர் இடத்தில் மட்டும் 15 செ.மீ. குறைந்ததாகத் தெரிவதற்கு மதிப்பில்லை.

அடுத்தது, மேலிருந்து பனிக்கட்டி நகர்ந்து வந்து கீழ்முனையை உயர்த்திக்கொண்டே இருக்கும். 2 மீட்டர் உருகி 1 மீட்டர் வந்து சேர்ந்தால் ட்ரோன் 1 மீட்டர்தான் காட்டும். எனவே உருகலை நேரே அளக்கப் பனிக்கட்டியில் துளையிட்டு நட்ட கழிகளும் வேண்டும். லாஹௌலின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் ஜேஎன்யூ 2002 முதல் கழிகளை நட்டு அளந்துவருகிறது. ட்ரோன் வந்த பின்னும் அந்த வேலை தேவைப்படுகிறது.

ட்ரோனின் பலம் வேறு இடத்தில். நேபாளத்தின் லிருங் பனியாற்றை 2013 மே, அக்டோபர் இரண்டு முறையும் பறந்து ஒப்பிட்டார்கள். கல்லும் மண்ணும் மூடிய பரப்பில் சராசரி இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டியிருக்க, பனிச்சுவர்களிலும் குட்டைகளின் ஓரத்திலும் அதைவிடப் பலமடங்கு போயிருந்தது. கழி நட முடியாத இடங்கள் அவை. உங்கள் பனியாற்றில் சுவர்கள் இருந்தால் சாய்ந்த படங்களை அங்கே கூட்டுங்கள்.

உயர இறக்கத்தைத் தண்ணீர்க் கணக்காக மாற்ற: வெறும் பனிக்கட்டியில் கன மீட்டருக்கு 900 கிலோ. 850 என்பது பனியாறு முழுவதற்கும், பல ஆண்டு இடைவெளிக்கும் எடுத்துக்கொள்வது. ஓராண்டு ஒப்பீட்டில், கீழ்முனையில் மட்டும், அதைப் போட வேண்டாம்.