மறு: ‘அன்ஜிப்’புக்கு ஒரு வினைச்சொல் (நாளைக்குள் வேண்டும்)

நண்பர்களே,

உறவினர்களுக்காக ஒரு சிறு கணக்கு நிரல் எழுதி, பல கோப்புகளை ஒன்றாகச் சுருக்கிக் கட்டிய ஜிப்பாக இறக்கிக்கொள்ளக் கொடுத்தேன். அதை மீண்டும் தனித்தனிக் கோப்புகளாக்குவதுதான் அன்ஜிப். பெரியம்மா உட்கார்ந்து இரண்டு மாதக் கணக்கைப் பதிந்திருக்கிறார். மறுநாள் திறந்தால் ஒன்றுமே இல்லை. விண்டோஸ் ஜிப்பையும் கோப்புறை போலவே காட்டும். அவர் உள்ளே இருந்த நிரலை அப்படியே சொடுக்கிவிட்டார். அது தற்காலிக இடத்தில் ஓடியது, பதிந்ததும் அங்கேயே போயிற்று. தவறு என்னுடையது. வழிகாட்டியில் ‘ஜிப்பைத் திறக்கவும்’ என்று எழுதியிருந்தேன். அவர் திறக்கத்தானே செய்தார்? புதிய தாளை நாளை அச்சிட வேண்டும். ‘திற’ அல்லாத ஒரு சொல் தாருங்கள்.

———

விரி. வேறெங்கும் தேட வேண்டாம். ‘மலர்க்கண்’ தொகை, ‘மலர் போன்ற கண்’ விரி. உருபு மறைந்து நிற்கிறதே தவிர, பொருள் குறையவில்லை. ஜிப்பும் அப்படித்தான். நன்னூல் செய்யுள் விகாரங்களைச் சொல்லும்போதும் விரித்தல், தொகுத்தல் என்று அடுத்தடுத்தே வைக்கிறது. ஜிப் தொகை, அன்ஜிப் விரி.

———

ஐயா, கணக்கு நிரலில் ‘தொகை’ என்றால் பணம். ‘தொகுப்பி’யோ, எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குப் போய்விட்டது. பொதி, அவிழ் என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டையையும் அவிழ்க்கிறோம், முடிச்சையும் அவிழ்க்கிறோம். சங்கப் பாடல்களில் முகையும் அவிழ்கிறது. இவ்வளவு அழகான சொல்லை விடலாமா?

———

முடிச்சு அவிழ்ந்தாலும் பொருள் மூட்டைக்குள்ளேதான் இருக்கும். பொட்டலத்தை நாம் பிரிக்கிறோம். ‘பிரித்து வை’ என்றால் என்ன? பெரியம்மா தவறவிட்டது அந்த ‘வை’யைத்தான்.

———

‘பிரித்து வை’ என்றால் சேர்ந்திருப்பவர்களைப் பிரிப்பதுபோல் ஒலிக்கிறது. மேக்கில் இந்தச் சிக்கலே இல்லை, இரட்டைச் சொடுக்கில் தானே பிரித்துப் பக்கத்தில் வைத்துவிடும். ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்தால் சொல்லே தேவைப்படாதே?

———

ஒரே கோப்பில் அடங்காது. எழுத்துருவும் தரவுக் கோப்பும் கூடவே போக வேண்டும்.

சரி, பெரியம்மாவிடமே தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். ‘விரிங்க’ என்றதும் சாளரத்தைப் பெரிதாக்கினார். ‘அவிழ்’ என்றதற்கு ‘எதை?’ என்றார். ‘பிரி’ புரிந்தது, ஆனால் பிரித்ததும் மறுபடி உள்ளேயே சொடுக்கப் போனார். அப்புறம், ‘எல்லாத்தையும் வெளியே எடுத்து வைங்க’ என்றேன். ‘எங்கே வைக்கணும்?’ என்று கேட்டார். அந்தக் கேள்வி வருவதற்குத்தான் இத்தனை பாடு. தாளில் ‘வெளியே எடுத்து வைக்கவும்’ என்றே போடுகிறேன்.

———

பெரும்பாலோர் இதற்குச் சரி என்றுவிட்டீர்கள். தாளுக்கு நல்லதுதான், ஆனால் இது கலைச்சொல் ஆகாது. பொத்தானில் எப்படி அடங்கும்? ‘வெளியே எடுத்து வைத்தலில் பிழை’ என்றா பிழைச்செய்தி எழுதுவது? என் நிரல்களில் ‘அவிழ்’ என்றுதான் இருக்கும்.