உறவினர் வீட்டில் சிக்கிய பொருட்களை கோர்ட் மூலம் மீட்ட மூன்று பேரின் அனுபவம்

பெரியப்பா வீட்டை விட்டு வந்தபோது சான்றிதழ்கள், லேப்டாப், பீரோ, அம்மாவின் தையல் மிஷின் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. போலீஸ் ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்று சொல்லி புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுத்தார்கள். வெறும் காகிதம் என்று நினைத்தேன். பின்னாளில், எந்தத் தேதியில் பொருளைக் கேட்டேன் என்பதற்கு அதுதான் ஆதாரமாக நின்றது.

வக்கீல் முதலில் கேட்டது பட்டியல். "இரும்பு பீரோ ஒன்று" என்று எழுதினால் அந்த வீட்டில் இருக்கும் எந்த பீரோவையும் காட்டிவிடுவார்களாம். நிறம், கம்பெனி, எந்த அறையில் இருக்கிறது, மிஷினில் பொறித்த எண், லேப்டாப் பில் என்று ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்தோம். மிஷின் எண் பழைய போட்டோ ஒன்றைப் பெரிதாக்கியபோது கிடைத்தது. அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அதை எதிராளி வாங்க மறுத்தாலும் நல்லதுதான், மறுத்த தேதி பதிவாகிவிடும். பாதுகாப்பாக விட்டுவைத்த பொருள் என்றால், வழக்குப் போட, கேட்டும் தர மறுத்த நாளிலிருந்து மூன்று வருடம் காலக்கெடு.

முன்சீப் கோர்ட்டில் பெரியப்பா தாக்கல் செய்த பதிலுரையில் பாதி, எனக்குச் சோறு போட்ட கணக்கு! அதற்குப் பணம் வர வேண்டுமென்றால் தனியாகக் கேட்கட்டும், சான்றிதழைப் பிடித்து வைக்க அது காரணமாகாது என்றார் வக்கீல். நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமித்த கமிஷனர் வீட்டுக்குப் போய்ப் பட்டியலைச் சரிபார்த்ததும் பெரியப்பாவின் பேச்சு இறங்கியது. பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் சமரசம் ஆனது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வந்தது.

* * *

எங்கள் வழக்கு தீர்ப்பு வரை போனது. எதிராளி என் அக்கா வீட்டுக்காரர். வாய்தா வாங்கியே அலுத்துப்போனோம், அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. கவனிக்க வேண்டியது வேறு. பொருளை ஒப்படைக்கச் சொல்லும் தீர்ப்பிலேயே, பொருள் கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் தர வேண்டும் என்றும் எழுதுவார்கள். கோர்ட் கட்டணம் குறையும் என்று பொருளின் மதிப்பைக் குறைத்துப் போடச் சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். தீர்ப்பை நிறைவேற்றக் கேட்டு மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவோடு போனபோது என் கேமரா அங்கே இல்லை, விற்றிருந்தார்கள். தீர்ப்பில் இருந்த தொகைதான் கைக்கு வந்தது. ஆல்பம், கடிதம் போல விலை சொல்ல முடியாதவை இருந்தால், 1963 ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தின் 8ஆம் பிரிவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். பணத்தால் ஈடுகட்ட முடியாத பொருளையே திருப்பித் தரச் சொல்லிக் கேட்க அது வழி தரும், சில நிபந்தனைகளோடு.

* * *

முதலில் எழுதிய தங்கைக்கு: 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் வீட்டுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரத்த உறவில் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் அது பொருந்தும். கொடுமை நடந்திருந்தால், 19(8) பிரிவின்படி சீதனத்தையும் அவளுக்குரிய மற்றப் பொருட்களையும் திருப்பித் தர மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். நான் அந்த வழியில்தான் என் நகையை மாமியாரிடமிருந்து வாங்கினேன். வக்கீல் செலவும் இல்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தருகிறது, மனு கொடுத்தால் போதும்.