ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கியர்பாக்ஸில் துரு: எதை மாற்றணும், எதைக் காப்பாற்றலாம்?

வேளச்சேரி ஹெரால்ட்
வணக்கம். அப்பா வைத்திருந்த ஹெரால்ட் மார்க் 2 கார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் இருக்கை வரைக்கும் தண்ணீர். எஞ்சின் வேலை அப்போதே முடிந்தது, கியர்பாக்ஸுக்கு ஆயில் மட்டும் மாற்றினோம். இப்போது 1, 2, 3-ஆம் கியரில் கர்ரென்று அரைக்கிற சத்தம். டாப் கியரில் சத்தமே இல்லை. பட்டறையில், "பார்ட்ஸ் கிடைக்காது, டனலை (கியர்பாக்ஸை மூடியிருக்கிற நடு மேட்டை) வெட்டி வேற வண்டி பாக்ஸை மாட்டிடலாம்" என்கிறார்கள். நம்ம வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி, வெட்ட மனசு வரலை. என்ன செய்யலாம்?

கிண்டி லேத்
வெட்டவே வேண்டாம் சார். டாப்பில் சத்தம் இல்லைன்னா நல்ல செய்தி. டாப்பில் விசை நேராகப் போயிடும், லேஷாஃப்ட் (பாக்ஸுக்குள் அடியில் இருக்கிற துணைத் தண்டு) மேல் பாரம் விழாது. மற்ற கியர்களில் எல்லாம் லேஷாஃப்ட் வழியாகத்தான் போகும். நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் சத்தம் வருதா?

வேளச்சேரி ஹெரால்ட்
லேசா வருது. மிதித்தால் நின்னுடுது. ஆயிலை இறக்கிப் பார்த்தேன், பால் டீ மாதிரி இருக்கு.

பழைய பட்டறை
அப்போ ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கு. லேஷாஃப்ட்டும் அதன் பேரிங்கும்தான் முதல் சந்தேகம். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் தங்கிடும். லேஷாஃப்ட் இருப்பதும் அடியில்.

ஹெரால்டில் எஞ்சினைத் தூக்க வேண்டியதில்லை. முன் சீட்டையும் டனல் கவரையும் கழற்றினால் பாக்ஸ் வண்டிக்குள்ளேயே வெளியே வரும். பிரித்ததும் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுங்க. ஆசிட் ரஸ்ட் ரிமூவரில் ஊறப்போடாதீங்க. கெட்டிப்படுத்திய எஃகு அதில் விரிசல் விட வாய்ப்பு உண்டு.

துரு எங்கே என்பதுதான் கணக்கு. உறையிலோ, பல் உரசாத கியர்ப் பக்கவாட்டிலோ இருந்தால் பித்தளை பிரஷ் போதும். உருளுகிற இடம், பல் ஒன்றோடொன்று உரசுகிற முகம், இந்த ரெண்டிலும் நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் தட்டினால் அந்தப் பொருள் முடிந்தது. எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், ஆனால் குழி அப்படியேதான் இருக்கும். அங்கிருந்துதான் மறுபடி உதிரும்.

பால் பேரிங் எல்லாமே மாற்றிடுங்க. வெளி வளையத்தில் நம்பர் இருக்கும், பாரிமுனை பேரிங் கடைகளில் அதைக் காட்டினால் போதும். சின்க்ரோ ரிங்கை (கியர் விழும்முன் வேகத்தைச் சமமாக்குகிற பித்தளை வளையம்) கியரின் கோன் மேல் அழுத்தி, சுற்றிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. இடைவெளியே இல்லாமல் ஒட்டி உட்கார்ந்தால் தேய்ந்துபோச்சு. முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. ஓடும்போது அதில் போட்டால் கடகடன்னுதான் வரும், அதைப் பழுதுன்னு நினைக்க வேண்டாம்.

கிண்டி லேத்
லேஷாஃப்ட் பின் (லேஷாஃப்ட் சுற்றுகிற நடுக் கம்பி) கிடைக்கலைன்னா செஞ்சுக்கலாம். ஆனால் எந்த லேத்திலும் சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கம்பியைக் கடைந்து வாங்கிடாதீங்க. நீடில் ரோலர் (ஊசி மாதிரி மெல்லிய உருளை பேரிங்) இருந்தால் அது நேராக அந்தக் கம்பி மேலேயே ஓடும், மென்மையான இரும்பு சீக்கிரம் குழிஞ்சிடும். இ.என்.353 மாதிரி கேஸ் ஹார்டனிங் ஸ்டீல் (மேல்பரப்பை மட்டும் கெட்டிப்படுத்தக்கூடிய எஃகு), ஹீட் ட்ரீட்மென்ட், அப்புறம் கிரைண்டிங், இந்த வரிசையில் செய்யணும். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்றுக்கும் ஆள் இருக்கு. பழைய பின்னில் துருப் படாத முனையை மைக்ரோமீட்டரில் அளந்து அளவு கொடுங்க.

மாம்பலம் மார்க் 3
புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகளில் ஒத்தை ஒத்தையாகக் கியர் தேடுவதைவிட, ஒரு முழு ஹெரால்ட் பாக்ஸ் மாட்டினால் விடாதீங்க. ரெண்டில் ஒன்று தேறும். பழைய கியரைக் கையோடு எடுத்துட்டுப் போய் பல்லை எண்ணிப் பாருங்க. புதுப் பல்லும் தேய்ந்த பல்லும் ஜோடி சேர்ந்தால் சத்தம் போகாது, ஜோடியாகவே மாற்றுங்க.

வேளச்சேரி ஹெரால்ட்
ரொம்ப நன்றி. ஆயில் 90 எதுன்னாலும் ஊத்தலாமா?

பழைய பட்டறை
டப்பாவில் ஜி.எல்.4 என்று தரக் குறியீடு இருக்கிறதைப் போடுங்க. ஜி.எல்.5 ஆயில் சிலதில் இருக்கிற கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ ரிங்கை அரிக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி, சூட்டோடு இறக்கிப் பார்த்துட்டுப் புது ஆயில் ஊத்துங்க. டிஃப்ரன்ஷியல் ஆயிலையும் பாருங்க, அங்கேயும் தண்ணீர் போயிருக்கும்.

இன்னொன்று, இது கியர்பாக்ஸைவிட அவசரம். முன் சக்கரத்து டிரன்னியனை (சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடுகிற, அடியில் இருக்கிற மரை மூட்டு) கழற்றிப் பார்க்காமல் வண்டியை ரோட்டில் எடுக்காதீங்க. உள்ளே இருக்கிற மரையில் துரு ஏறினால், அதில் திருகியிருக்கிற செங்குத்துக் கம்பி ஒடிந்து சக்கரம் மடிந்துவிடும். அதுக்குக் கிரீஸ் வேண்டாம், ஆயில் 90-தான்.