ரோஜர் எபர்ட்டும் தொண்ணூறுகளின் படங்களும்: இந்த நட்சத்திரக் கணக்கை யார் நம்புவது?

கடைசிவரிசை:
சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் 1967 முதல் 2013-இல் இறக்கும்வரை எழுதிய ரோஜர் எபர்ட்டை இங்கே பலரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். புலிட்சர் பரிசு பெற்ற முதல் திரை விமர்சகர், 1975-இல். சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் தொண்ணூறுகளில் மக்கள் விரும்பிப் பார்த்த படங்களுக்கு அவர் கொடுத்த நட்சத்திரங்களைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' (1995): நான்குக்கு ஒன்றரை. அந்தப் படம் திரைக்கதைக்கும் துணை நடிகருக்குமாக இரண்டு ஆஸ்கர் வாங்கியது. 'ஃபைட் கிளப்' (1999): இரண்டு. அதே பேனாவால் 'ஸ்பீட் 2'-க்கு (1997) மூன்று! 'ஹோம் அலோன்' முதல் பாகத்துக்கு இரண்டரை. யாருக்கும் நினைவில் இல்லாத மூன்றாம் பாகத்துக்கு மூன்று. இது என்ன அளவுகோல்? ரசிகர்களின் ரசனை ஒரு பக்கம் ஓட, இவர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நடந்தார் என்றுதான் தோன்றுகிறது.

சுடர்விழி:
நட்சத்திரத்தை மட்டும் எண்ணிவிட்டு விமர்சனத்தைப் படிக்காமல் விடுபவர்களுக்கு அவரே பதில் எழுதியிருக்கிறார். ஒரு சூப்பர்ஹீரோ படம் எப்படி என்று நண்பர் கேட்டால், அதைக் கனமான நாடகப் படம் ஒன்றோடு ஒப்பிடச் சொல்லி அவர் கேட்கவில்லை. அந்த வகைப் படங்களுக்குள் அது எங்கே நிற்கிறது என்றுதான் கேட்கிறார். எபர்ட்டின் நட்சத்திரம் அந்தக் கேள்விக்கான பதில். கப்பல் ஒன்று ஊருக்குள் புகுந்து கட்டடங்களை இடிக்கும் அபத்தத்தை ரசிக்க வந்தவருக்கு 'ஸ்பீட் 2' என்ன தருகிறதோ, அதற்குத்தான் அந்த மூன்று. இரண்டு வெவ்வேறு வகைப் படங்களின் நட்சத்திரங்களைப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்ப்பதில் பொருளே இல்லை.

முகிலன்:
அப்படியானால் நட்சத்திரம் எதற்கு? விமர்சனத்தை மட்டும் அச்சடித்திருக்கலாமே.

கடைசிவரிசை:
முகிலன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், பாருங்கள். சுடர்விழி, உங்கள் விதியையே எடுத்துக்கொள்கிறேன். குற்றப் புதிர் என்ற வகைக்குள் வைத்துப் பார்த்தாலும் 'யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' ஒன்றரைதானா? அந்தப் பத்தாண்டில் அதைவிடப் பேசப்பட்ட புதிர்ப் படங்கள் எத்தனை? உங்கள் விதி வேண்டியபோது வளைகிறது.

பழையரீல்:
இந்தப் படத்தைப் பற்றி நான் சொல்கிறேன். முடிவை உடைக்காமல் பேச முடியாது. படம் வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன, இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள்க.

எபர்ட் அதை ஒரு முறை பார்த்துக் குழம்பி, இரண்டாம் முறையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். கதை புரியவில்லை என்பது அவருடைய முதல் புகார். இரண்டாவது, புரிந்த அளவுக்கும் அதில் தனக்கு அக்கறை பிறக்கவில்லை என்பது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. படம் முழுக்க ஒருவன் சுங்கத்துறை விசாரணை அதிகாரியிடம் ஒரு கதை சொல்கிறான். கடைசியில் அந்த அறையின் பலகையிலும் கோப்பையின் அடியிலும் இருந்த சொற்களைக் கோத்து அவன் பெரும்பகுதியை இட்டுக்கட்டினான் என்று தெரிகிறது. அந்த நொடி அற்புதமானது, நானும் இருக்கையின் நுனிக்கு வந்தேன். ஆனால் அதற்குப் பிறகு என்ன மிஞ்சுகிறது? அதுவரை நாம் பார்த்த நட்பு, துரோகம், மரணம் எதையும் நம்ப முடியாது. யாருக்காகவும் வருந்தவும் முடியாது, ஏனென்றால் அவர்கள் சொன்னதும் செய்ததும் நடந்ததா என்றே தெரியவில்லை. நல்ல திருப்பம் என்றால், முன்னால் பார்த்த காட்சிகளுக்கு அது புதிய எடை தரவேண்டும். இந்தத் திருப்பம் அவற்றைத் துடைத்துவிடுகிறது. எபர்ட்டின் ஒன்றரை எனக்கும் கஞ்சத்தனமாகவே தோன்றுகிறது, நான் இரண்டரை கொடுப்பேன். ஆனால் அவர் வைத்த காரணத்துக்கு இன்றுவரை ஒருவரும் சரியான மறுப்பு சொல்லி நான் படித்ததில்லை.

கடைசிவரிசை:
மறுப்பு இதோ. எல்லாக் கதையும் இட்டுக்கட்டியதுதானே? திரையில் ஒருவன் பொய் சொல்கிறான் என்றதும் ஏமாந்துவிட்டதாகக் கோபித்துக்கொள்பவர், இயக்குநர் சொல்லும் பொய்யை மட்டும் எப்படி நம்புகிறார்? பொய் சொல்பவனின் திறமையை ரசிக்கத்தான் நாம் அந்தப் படத்துக்குப் போகிறோம்.

நிலாமுற்றம்:
எனக்கு 'ஃபைட் கிளப்' விவகாரம்தான் உறுத்துகிறது. அந்த விமர்சனத்தில் எபர்ட் படத்தின் திறமையைக் குறை சொல்லவில்லை. படம் காட்டும் வன்முறையை அதே படம் கண்டிக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள், ஆனால் பெரும்பாலான பார்வையாளர்களுக்கு அடிதடி பிடிக்கும், கண்டனம் காதில் விழாது என்பது அவருடைய வாதம். அதாவது, அவர் மதிப்பிட்டது படத்தை அல்ல, என்னைப் போன்ற பார்வையாளரை. எனக்குப் புரியாது என்று அவர் முடிவு செய்ய யார் உரிமை கொடுத்தார்கள்? பாமரனுக்குப் புரியாது என்று மேடையில் நின்று சொல்பவர்களை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

சுடர்விழி:
நிலாமுற்றம், இங்கே வந்திருப்பதில் கனமான குற்றச்சாட்டு இதுதான். ஆனால் அந்தப் படத்தின் நாயகனை இன்று யார் கொண்டாடுகிறார்கள் என்று பாருங்கள். அவன் பேச்சை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்பவர்கள் எத்தனை பேர், அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? படம் வெளியான வாரத்திலேயே ஒருவர் இதைக் கணித்து நாளிதழில் எழுதியிருக்கிறார் என்றால், அவர் பார்வையாளரை அவமதித்தார் என்பதா, கவனித்தார் என்பதா? பிறகு கொலராடோவின் போல்டர் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அதே படத்தைக் காட்சி காட்சியாக நிறுத்திப் பார்வையாளர்களோடு அலசினார். அதன் பிறகு படத்தின் தொழில்திறமை மீது மதிப்பு கூடியது, அதன் சிந்தனை மீது மதிப்பு இன்னும் குறைந்தது என்றே எழுதினார். முதல் பார்வையில் தோன்றியதைச் சொல்லிவிட்டு நகர்ந்தவர் இல்லை.

நிலாமுற்றம்:
தவறாகப் புரிந்துகொள்பவர்கள் இருப்பது படத்தின் குற்றமா? அப்படிப் பார்த்தால் எந்தப் படத்துக்கும் நான்கு நட்சத்திரம் கிடைக்காது. அவரே நான்கு கொடுத்த 'குட்ஃபெல்லாஸ்' (1990) படத்தைப் பார்த்துவிட்டுத் தாதாவாக ஆசைப்பட்டவர்கள் இல்லையா?

முகிலன்:
இந்த அடி பலமாக விழுந்திருக்கிறது. சுடர்விழி எழுந்து வரட்டும். அதுவரை ஒரு துணுக்கு: 'காட்ஸில்லா' (1998) படத்தை எடுத்தவர்கள், தங்கள் முந்தைய படங்களை எபர்ட்டும் அவருடைய தொலைக்காட்சிக் கூட்டாளி ஜீன் சிஸ்கலும் சரியாகப் பாராட்டவில்லை என்ற கடுப்பில், நியூயார்க் மேயருக்கு எபர்ட் என்றும் உதவியாளருக்கு ஜீன் என்றும் பெயர் வைத்தார்கள். மேயர் தோற்றத்திலும் அவரைப் போலவே இருப்பார். எபர்ட் அதற்கும் அசராமல் ஒன்றரை கொடுத்தார். காட்ஸில்லா படத்தில் இடம்பிடித்தாகிவிட்டது, இனி கனமான கலைப்படங்கள் எடுத்த சுவீடன் இயக்குநர் பெர்க்மனின் படப் பாத்திரங்கள் வட்டமாக உட்கார்ந்து என் விமர்சனங்களைத் தாழ்ந்த குரலில் படிப்பது ஒன்றுதான் பாக்கி என்ற தொனியில் எழுதினார். பழிவாங்க நினைத்தவர்களுக்கு இதைவிடத் தோல்வி உண்டா?

பழையரீல்:
நீங்கள் எல்லோரும் அவர் அடித்த படங்களையே பேசுகிறீர்கள். தூக்கிவிட்ட படங்களையும் பேச வேண்டும். 1994-இல் 'ஹூப் ட்ரீம்ஸ்' வந்தது. சிகாகோவின் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் கூடைப்பந்து வீரர்களாக முயல்வதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எடுத்த, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த ஆவணப்படம். யார் டிக்கெட் வாங்குவார்கள்? எபர்ட்டும் சிஸ்கலும் அதைப் பற்றித் தங்கள் நிகழ்ச்சியில் விடாமல் பேசினார்கள். சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையில்கூட அது இடம்பெறவில்லை. படத்தொகுப்புக்கு மட்டும் ஒரு பரிந்துரை கிடைத்தது. எபர்ட் அதைத் தொண்ணூறுகளின் தலைசிறந்த படம் என்றே அறிவித்தார். வசூலில் கொழித்த 'ஆர்மகெடான்' (1998) படத்தை 150 நிமிட முன்னோட்டக் காட்சி என்று சொல்லி ஒரு நட்சத்திரத்தோடு அனுப்பியவரும் இவர்தான். கடைசிவரிசை அவர்களே, மக்கள் ரசனைக்கு எதிர்ப்பக்கம் நடந்தார் என்கிறீர்கள். 'டைட்டானிக்', 'ஃபாரஸ்ட் கம்ப்', 'பல்ப் ஃபிக்‌ஷன்' மூன்றுக்கும் நான்கு நட்சத்திரம் கொடுத்தவர் எந்தப் பக்கம் நடந்தார்?

கடைசிவரிசை:
பழையரீல் ஐயா, ஆவணப்படத்துக்குச் செய்ததற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் 'தி மேட்ரிக்ஸ்' (1999)? அதற்கு மூன்றுதான். முந்தைய ஆண்டு 'டார்க் சிட்டி'யை ஆண்டின் சிறந்த படமாக அறிவித்து, அதன் டிவிடிக்கு விளக்கவுரையும் பேசியவர் அவர். அந்தப் படம் திரையரங்கில் ஓடவில்லை. அடுத்த ஆண்டே கிட்டத்தட்ட அதே கருவில், அதன் அரங்குகளில் சிலவற்றையே பயன்படுத்தி எடுத்த இன்னொரு படம் உலகத்தையே புரட்டிப்போட்டது. தான் கைகாட்டிய குதிரை தோற்ற எரிச்சலில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார். இதற்கு எந்த விதி?

சுடர்விழி:
முதலில் நிலாமுற்றத்துக்கு: 'குட்ஃபெல்லாஸ்' நாயகன் கடைசியில் பயந்து நடுங்கிக் காட்டிக்கொடுத்து, பெயர் தெரியாத புறநகரில் முடங்குகிறான். 'ஃபைட் கிளப்' கடைசிக் காட்சியில் கட்டடங்கள் சரிய, காதலர்கள் கைகோத்து நின்று வேடிக்கை பார்க்கிறார்கள், பின்னணியில் பாட்டு. எது கண்டனம், எது கொண்டாட்டம் என்பதை முடிவே சொல்கிறது.

'மேட்ரிக்ஸ்' விஷயத்தில் எரிச்சல் எங்கே இருக்கிறது? காட்சியமைப்பை மனம்விட்டுப் பாராட்டிவிட்டு, ஒரே ஒரு குறை வைத்தார்: உலகமே மாயை என்ற கேள்வியை எழுப்பிய படம், அது சூடுபிடிக்கும் நேரத்தில் வழக்கமான துப்பாக்கிச் சண்டைக்குள் ஒதுங்கிவிடுகிறது என்று. அந்த வரவேற்புக் கூடத்துச் சண்டையில் தூண்கள் சிதறுவதை நானும் வாய்பிளந்து பார்த்தவள்தான். ஆனால் அங்கே சாகும் காவலர்கள் எல்லோரும் மாயையில் சிக்கிய அப்பாவிகள் என்பதைச் சற்று முன்னால் அதே படம்தான் சொல்லியிருக்கிறது. அதைப் பற்றி நாயகனுக்கு ஒரு நொடி தயக்கமாவது வருகிறதா? இல்லை. நீங்கள் எரிச்சல் என்கிற அந்த ஒரு நட்சத்திரம் அதற்குத்தான் போனது.

கடைசிவரிசை:
தயங்கினால் அவன் செத்திருப்பான். எதிரி எந்த உடலுக்குள்ளும் புகுந்து வருவான் என்பதையும் அதே படம்தான் சொல்லியிருக்கிறது, வசதியாக விட்டுவிட்டீர்கள்.