ஒரே 9 மி.மீ. தோட்டா, கைத்துப்பாக்கியிலும் கார்பைனிலும்: வலிமையிலும் குறியிலும் வேறுபாடு எவ்வளவு?

கேள்வி: டாலஸ்வாசி

வணக்கம். நான் டெக்சாஸில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக இங்குள்ள சுடுதளம் ஒன்றில் 9 மி.மீ. கைத்துப்பாக்கியால் வாரந்தோறும் பயிற்சி செய்கிறேன். 25 கெஜத் தொலைவில் பத்துக்கு ஆறேழு குண்டுகள் உள்வட்டத்தில் விழுந்தால், அன்று மனநிறைவோடு வீடு திரும்புவேன். சென்ற வாரம் பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், 16 அங்குலக் குழல் கொண்ட தம்முடைய ருகர் பிசி கார்பைனை, அதாவது தோளில் ஊன்றிச் சுடும் குட்டை ரைஃபிளை, சுட்டுப் பார்க்கும்படி என்னிடம் கொடுத்தார். அப்படிப்பட்ட துப்பாக்கியை நான் தொட்டதே அன்றுதான். ஆனாலும் என் கைத்துப்பாக்கிக்கு வைத்திருந்த அதே பெட்டியிலிருந்து எடுத்த பத்துத் தோட்டாக்களும் என் உள்ளங்கையால் மறைக்கக்கூடிய இடத்துக்குள் விழுந்தன. "நீளமான குழலில் இந்தத் தோட்டா ரைஃபிள் தோட்டாவாகவே மாறிவிடும்" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மையா? வலிமை அவ்வளவு கூடுகிறதா? குறி தப்பாமல் விழுந்தது குழலின் நீளத்தாலா, வேறு காரணத்தாலா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: கோவை குறிவட்டம்

அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி அன்பு, பாதி மிகை. வலிமையை முதலில் பார்ப்போம்.

115 கிரெய்ன் எடையுள்ள, அதாவது ஏறத்தாழ ஏழரை கிராம் எடையுள்ள, வழக்கமான 9 மி.மீ. குண்டு நாலரை அங்குலக் குழலிலிருந்து வினாடிக்குச் சுமார் 355 மீட்டர் வேகத்தில் வெளியேறும். 16 அங்குலக் குழலிலிருந்து சுமார் 395 மீட்டர் வேகத்தில் வெளியேறும். ஆற்றலாகக் கணக்கிட்டால் முன்னது 470 ஜூல், பின்னது 580 ஜூல். குழல் மூன்றரை மடங்கு நீண்டும் ஆற்றல் நான்கில் ஒரு பங்குதான் கூடுகிறது. ராணுவத்தின் 5.56 மி.மீ. ரைஃபிள் தோட்டா 20 அங்குலக் குழலில் 1,700 ஜூலைத் தாண்டும். எனவே கார்பைனில் போட்டாலும் 9 மி.மீ. தோட்டா கைத்துப்பாக்கித் தோட்டாவாகவே இருக்கும்.

காரணம் வெடிமருந்தில் இருக்கிறது. இந்த 9 மி.மீ. தோட்டாவில் (9×19 என்பது இதன் முழுப்பெயர்) மருந்தைத் தாங்கும் உறை 19 மி.மீ. நீளமே உள்ளது, அதில் இடும் மருந்து குட்டைக் குழலுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட, விரைவாக எரியும் மருந்து. குண்டு முதல் சில அங்குலங்களைக் கடப்பதற்குள் மருந்து பெரும்பாலும் எரிந்து முடிந்துவிடுகிறது. அதன்பின் குழலுக்குள் விரிந்துகொண்டே போகும் வாயுவின் அழுத்தம் குறையக் குறைய, தள்ளும் விசைக்கும் குழற்சுவரின் உராய்வுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்குமேல் கிடைக்கும் வேகம் மிகச் சொற்பம். அப்படியிருந்தும் உங்கள் ஊரில் 16 அங்குலம் வழக்கமாக இருப்பதற்குக் காரணம், தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் அதற்குக் குறைந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி தனிப் பதிவு தேவைப்படுவதுதான்.

இனி குறி. இதைப் பற்றிப் பேசுவதில் எனக்குத் தனி ஆர்வம் உண்டு, ஏனெனில் என் விளையாட்டே இதுதான். பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளில் 50 மீட்டர் பிஸ்டலுக்கும் 50 மீட்டர் ரைஃபிளுக்கும் ஒரே .22 எல்.ஆர். என்னும் சிறு தோட்டாதான், தொலைவும் ஒன்றே. ஆனால் பிஸ்டலின் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ.; ரைஃபிளின் அட்டையில் அது 10.4 மி.மீ. மட்டுமே. ஒரு கையை நீட்டிச் சுடுபவருக்கும் தோளில் ஊன்றிச் சுடுபவருக்கும் உள்ள வேறுபாட்டை விதிகளே ஏறக்குறைய ஐந்து மடங்காக ஒப்புக்கொள்கின்றன.

உங்கள் கையில் நடந்ததும் இதுதான். கைத்துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 165 மி.மீ. இருக்கும். அவற்றை ஒரே ஒரு மி.மீ. விலக்கிப் பிடித்தாலும் 25 மீட்டரில் குண்டு 15 செ.மீ. விலகும். இரும்புக் குறிகள் கொண்ட கார்பைனில் அந்த இடைவெளி 400 மி.மீ. என்று கொண்டால், அதே பிழை 6 செ.மீ. அளவோடு நின்றுவிடும். இன்னொன்றையும் கருதுங்கள்: கிளாக் 17 போன்ற கைத்துப்பாக்கி காலியாக இருக்கும்போது சுமார் 630 கிராம்தான், அதன் விசையை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் கொக்கியை, இழுக்க வேண்டிய பலமோ இரண்டரைக் கிலோ அளவுக்கு வரும். தன் எடையைப்போல் நான்கு மடங்கு பலத்தால் இழுக்கப்படும் பொருள் அசையாமல் இருக்கக் கைகள் எவ்வளவு பயின்றிருக்க வேண்டும்! மூன்று கிலோ எடையில், தோள், கன்னம், இரண்டு கைகள் என நான்கு இடங்களில் ஊன்றியிருக்கும் கார்பைனை அந்த இழுப்பு அவ்வளவாக அசைக்காது.

கைத்துப்பாக்கியை ஆடாத தாங்கியில் பூட்டிச் சுட்டால், தரமானவை 25 கெஜத்தில் 5 செ.மீ. வட்டத்துக்குள் அடிக்கும். எனவே உங்கள் கைத்துப்பாக்கி உங்களைவிடத் துல்லியமானதாகவே இருக்கக்கூடும். மனம் வருந்த வேண்டாம். எங்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான்.

மறுமொழி: முன்னாள் சிப்பாய், திருநெல்வேலி

கோவை நண்பரின் கணக்குகள் சரியானவை. ஆனால் கார்பைன் என்ற பெயர் இருந்தாலே நீண்ட குழலும் கூடுதல் வேகமும் இருக்கும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் படையில் 9 மி.மீ. கார்பைன் என்றால் அது 1ஏ1, அதாவது கான்பூரில் செய்யப்பட்ட ஸ்டெர்லிங். அதன் குழல் 198 மி.மீ. மட்டுமே. இஷாப்பூரில் செய்யப்பட்ட 9 மி.மீ. பிஸ்டலின் குழல் சுமார் 118 மி.மீ. இரண்டுக்கும் தோட்டா ஒன்றே. வேகத்தில் கிடைத்த ஆதாயம் மிகச் சிறிது.

தோளில் ஊன்றுவதே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஸ்டெர்லிங் திறந்த போல்ட் முறையில் இயங்குவது (போல்ட் என்பது தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் உலோகக் கட்டை). விசையை இழுத்ததும் பின்னால் நிற்கும் கனமான போல்ட் முன்னால் பாய்ந்து, தோட்டாவை அறைக்குள் தள்ளிய பிறகே அது வெடிக்கும். அந்தப் பாய்ச்சலிலேயே குறி அசைந்துவிடும். தனித் தோட்டாவாகச் சுடும்போது அந்த உலுக்கலுக்குப் பழக எனக்குப் பல மாதங்கள் ஆயின. நீங்கள் சுட்ட ருகர் மூடிய போல்ட்டிலிருந்து சுடுவது, அதாவது விசையை இழுக்கும் முன்பே போல்ட் முன்னால் மூடியிருக்கும். அதில் நிலையான குழலும் உண்டு. அதனால்தான் முதல் நாளிலேயே அப்படி விழுந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட வேண்டாம்.

டாலஸ்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. என்னிடம் இருந்த குறை என் விரலில்தான் என்பது இப்போது புரிகிறது. இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. கார்பைனில் 100 மீட்டருக்கு 9 மி.மீ. பயன்படுமா? எல்லாக் கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கும் இதே கால் பங்குக் கணக்குதானா?

மறுமொழி: மிச்சிகன் தோட்டக்காரர்

50 மீட்டருக்குக் குறியைச் சரிசெய்து வைத்தால், 100 மீட்டரில் 9 மி.மீ. குண்டு குறியிலிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தாழும். அதற்கேற்ப உயர்த்திப் பிடிக்கப் பழகினால் அட்டையில் அடிக்கலாம். அதற்கு அப்பால் தாழ்வும் காற்றின் தள்ளலும் விரைவாகக் கூடுவதால், மொட்டை மூக்குக் குண்டை வைத்துக்கொண்டு நான் முயல்வதில்லை.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு என் விடை: இல்லை. கனமான குண்டை மெதுவாக எறியும் .45 ஏ.சி.பி. என்னும் கைத்துப்பாக்கித் தோட்டா நீண்ட குழலில் வினாடிக்கு முப்பது மீட்டர் அளவே கூடுதல் வேகம் பெறும். ஆனால் 1935இல் வந்த .357 மேக்னம் வேறு வகை. அதன் உறை 33 மி.மீ. நீளம்; அதில் மெதுவாக எரியும் மருந்தை நிறைய இட முடியும். நாலு அங்குல ரிவால்வரில் அந்த மருந்துக்குத் தன் வேலையை முடிக்க இடமே இல்லை. போதாக்குறைக்கு உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சிறு இடுக்கு வழியாக வாயுவில் கொஞ்சம் வீணாகிறது. நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் கார்பைனின் 18 அங்குலக் குழலில் இடுக்கும் இல்லை, இடத்துக்கும் குறைவில்லை. 158 கிரெய்ன் குண்டு ரிவால்வரில் சுமார் 375 மீட்டர் வேகத்திலும், கார்பைனில் சுமார் 540 மீட்டர் வேகத்திலும் செல்கிறது. ஆற்றல் 720 ஜூலிலிருந்து 1,490 ஜூலுக்கு, அதாவது இரு மடங்குக்கு, உயர்கிறது. "ரைஃபிள் தோட்டாவாக மாறிவிடும்" என்ற சொல் ஏதேனும் ஒன்றுக்குப் பொருந்துமானால் இதற்குத்தான் பொருந்தும்.

ஒரே தோட்டாவை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் பழையது. 1873ஆம் ஆண்டின் வின்செஸ்டர் ரைஃபிளுக்கென வந்த .44-40 தோட்டாவுக்கு, 1878இல் கோல்ட் நிறுவனம் ரிவால்வர் செய்து விற்றது. சேணப்பையில் ஒருவகைத் தோட்டா இருந்தால் போதும் என்பதே அதன் பெரும் பயன். உங்கள் கைத்துப்பாக்கி கிளாக்காக இருந்தால், உரிய மாற்றுப் பொருத்தியை இட்டு தோட்டாக்கள் அடுக்கிய அதன் மேகசினையே ருகர் பிசி கார்பைனில் செருகலாம். அடுத்த வாரம் அந்தப் பெரியவரிடம் இன்னொரு முறை கேட்டு வாங்கி, அதே மேகசினால் இரண்டையும் 25 கெஜத்தில் மாற்றி மாற்றிச் சுட்டு, அட்டைகளை இங்கே பதிவிடுங்கள்.