மறு: ஆஞ்சியோஜெனிசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'நாளமாக்கம்' போதுமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் ஆஞ்சியோஜெனிசிஸ், அதாவது இருக்கிற ரத்தக் குழாயிலிருந்து புதுக் குழாய் கிளைப்பது, என்பதற்கு நாளம் குழப்பும். இலங்கைப் பாடநூல்களில் நாளம் என்றால் சிரை, அதாவது இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய். இங்கே தமிழ்நாட்டில் 'நாளமில்லாச் சுரப்பி' என்னும்போது அதே சொல் சுரப்புநீர் போகும் குழாய். குருதிக்குழாய் என்றால் இரண்டு பக்கமும் புரியும்.

'ஆக்கம்', 'உருவாக்கம்' இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. கருவில் முன்னோடிச் செல்கள் கூடி முதன்முதலாகக் குழாய் உண்டாவது வாஸ்குலோஜெனிசிஸ், உருவாக்கத்தை அதற்கு விட்டுவிடலாம். நாம் பேசுவது இருக்கிற குழாயிலிருந்து கிளை கிளம்புவதை. ஆக்சிஜன் போதாத திசு வி.இ.ஜி.எஃப் என்ற புரதத்தைச் சுரக்கிறது, அது பக்கத்துக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் இருக்கும் ஏற்பியில் போய்ப் பொருந்துகிறது, உடனே ஒரு செல் முனையாக நீண்டு வழிகாட்ட மற்றவை அதன் பின்னால் பெருகிக்கொண்டே வருகின்றன. ஆகவே 'குழாய்த்துளிர்ப்பு' என்கிறேன்.

துளிர்ப்பு மங்கலமான சொல், புற்றுநோய்க்கு ஒட்டுமா என்று இன்னொரு மடலில் கேட்டிருந்தார்கள். ஒட்டும். புண் ஆறுவதும் மாதந்தோறும் கருப்பை உட்சுவர் வளர்வதும் இதே வேலையால்தானே? அளவு மீறினால்தான் கெடுதல், அதை 'மிகைத்துளிர்ப்பு' எனலாம். கட்டி தனக்கு வேண்டிய ரத்தத்தை இப்படித்தான் வரவழைத்துக்கொள்கிறது, அதை மறித்தால் கட்டி வளராது என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதியபோது பெரும்பாலோர் நம்பவில்லை. அப்படி மறிக்கும் மருந்தான பெவாசிசுமாப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற 2004 ஆகிவிட்டது. சர்க்கரை நோயாளியின் விழித்திரையில் தாறுமாறாகக் கிளம்பும் குழாய்கள் கசிந்து பார்வையைக் கெடுப்பதும் இதே கணக்குதான், அங்கேயும் வி.இ.ஜி.எஃபைத் தடுக்கும் ஊசி போடுகிறார்கள்.

அப்புறம், வி.இ.ஜி.எஃபை மட்டும் 'துளிர்ப்பூக்கி' என்று சொல்ல வேண்டாம். எஃப்.ஜி.எஃப்-2 போன்ற வேறு புரதங்களும் துளிர்ப்பைத் தூண்டும் அந்த வேலையைச் செய்வதால் அது வகைப்பெயராக இருக்கட்டும். எதிர்ப்பக்கம் எண்டோஸ்டாட்டின், த்ராம்போஸ்பாண்டின்-1 மாதிரி துளிர்ப்பைத் தடுக்க உடம்பே வைத்திருக்கும் புரதங்களுக்குத் 'துளிர்ப்படக்கி' (எண்டோஸ்டாட்டின் தனிப் புரதம்கூட இல்லை, 18ஆம் வகைக் கொலாஜன் என்ற புரதம் உடைந்து வரும் துண்டு!). பெவாசிசுமாப் வி.இ.ஜி.எஃபையே பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள், அதை அடக்கிகளோடு சேர்க்காமல் 'ஊக்கிமுடக்கி' என்று தனியாக வைக்கலாமா?

குழாயா குழலா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. நிணநீர்க் குழாய்களும் இப்படிக் கிளைப்பதால், கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது முன்னால் 'குருதி' சேர்த்துவிடுங்கள்.